கை தட்டாத வெள்ளிக்கிழமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கழிப்பறைப் பழக்கம் வந்த குழந்தையை மட்டும் சேர்த்தால் போதும் என்று அதில் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட முடியாது.

ஆனால் அனுப்பினார்கள். ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். உத்திரமேரூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளி. தலைமையாசிரியை என் பேத்தி ஜெனியைப் பார்த்தார். பிறகு அவள் கவுனுக்குள் புடைத்துக்கொண்டிருந்த டயப்பரைப் பார்த்தார்.

"பாத்ரூம் பழக்கம் வந்ததும் கூட்டிட்டு வாங்க சார். நாங்க வேணாம்னு சொல்லல," என்றார்.

வேண்டாம் என்று சொல்லாமலே வேண்டாம் என்று சொல்கிற வாக்கியம் எனக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். பிரிவு 16 என்று ஆரம்பித்தேன். அவர் மணி அடிக்கச் சொல்லி எழுந்துபோய்விட்டார். ஜெனியின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தன் கையை இழுத்துக்கொண்டு என் மகள் ஹெப்சியின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்படியே வீட்டுக்கு வந்தோம்.

சபையாருக்கு இந்தச் சாட்சியை ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்லாமல் எதற்கு மாத மடலில் எழுதுகிறேன் என்று சிலர் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டு வந்தால் தெரிந்துவிடும்.

ஜெனிக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. மருமகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பதால் ஹெப்சியும் குழந்தையும் என்னோடுதான் இருக்கிறார்கள். என் மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஜெனி அதிகம் பேச மாட்டாள். பேசினால் பேருந்து நிலையத்தில் கேட்டதைப் பேசுவாள். சந்தோஷமாக இருந்தால் "வந்தவாசி வந்தவாசி" என்பாள். ஓரிடத்தை விட்டுப் போக வேண்டுமென்றால் "ஏறு ஏறு, போலாம்" என்பாள். என்னுடைய பழைய சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். அந்தச் சாவிகளுக்கு இப்போது பூட்டு எதுவும் இல்லை. அவளுக்கு அது பற்றிக் கவலையில்லை.

கஷ்டம் என்னவென்றால், வெளிக்குப் போவது. இதையெல்லாம் சாட்சியில் எழுதலாமா என்று ஹெப்சி தயங்கினாள். எழுதலாம் என்றேன். கர்த்தருக்குத் தெரியாத வயிறு இல்லை. தெரியாத மாதிரி நடிப்பதெல்லாம் நாம்தான்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதற்குள் போய், நின்றபடியே, டயப்பரில்தான் போவாள். வேறு எங்கேயும் மாட்டாள். குளிப்பதற்கு மட்டும் குளியலறைக்குள் வருவாள். அதே அறையில் இருக்கும் கழிப்பறைப் பீங்கானைக் கண்டால் உடம்பு விறைத்துவிடும். அதில் தண்ணீர் இறங்குகிற இரைச்சல் அவளுக்கு ஆகாது. மேலே சுற்றும் காற்றாடியின் சத்தம் ஆகாது. பீங்கானின் குளிர்ச்சி ஆகாது. அதனால் அடக்கிக்கொள்வாள். நாள்கணக்கில் அடக்குவாள். வயிறு கல்லாகிவிடும். சாப்பாடு இறங்காது. கடைசியில் வரும்போது அவள் போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கேட்டவர்கள், மறுநாள் என்னைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

சபையார் ஆலோசனை சொல்லாமல் இல்லை. விளக்கெண்ணெய் என்றார் ஒரு சகோதரி. முதுகில் இரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்றார் ஒரு சகோதரர். ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, இது வேறு ஆவியாக இருக்கலாம் என்றார். பாஸ்டர் வந்து தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார். ஜெனி அந்த எண்ணெயை வழித்து அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே துடைத்தாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் ஒரு தனி மரியாதை வந்தது.

எனக்குத் தெரிந்தது நடைமுறை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் காஞ்சிபுரம் போய் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். வாங்காமல் அந்த வளாகத்தை விட்டு வெளியே வருகிற ஆள் நான் இல்லை. அதே வாரம் மேலேயும் ஒரு மனு போட்டேன். முழங்கால் சரியில்லாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆட்டிசத்தை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. ஆண்டவரே, இந்தக் குழந்தை வலியில்லாமல் போக வேண்டும், மற்றவர்கள் போகிற இடத்தில் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை.

இப்போது பொறாமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சாட்சியில் பாதிக்கு மேல் அதுதான்.

எதிர்வீட்டுப் பையன் ஜெனி பிறந்த அதே வாரம், அதே மருத்துவமனையில் பிறந்தவன். காலையில் டை கட்டிக்கொண்டு பள்ளி வேனில் ஏறும்போது, "தாத்தா, டாட்டா" என்று என்னைப் பார்த்துக் கை ஆட்டுவான். நல்ல பிள்ளை. வேன் வருகிற நேரத்தில் நான் ஜன்னல் திரையை இழுத்துவிட ஆரம்பித்தேன்.

அது சின்னப் பொறாமை. பெரியது என் சம்பந்தி தேவசகாயத்தின் மேல். அவருக்கு ஊர் புள்ளலூர். டிராக்டர் ஓட்டியே கொஞ்சம் நிலம் வாங்கியவர். ஆராதனைக்கு மட்டும் எங்கள் சபைக்கு வருவார். அவர் ஜெபித்தால் ஒலிபெருக்கி வேண்டாம். ஞாயிறு தவறாமல் எழுந்து சாட்சி சொல்வார். போர்வெல்லில் தண்ணீர் வந்தது ஒரு சாட்சி. வைக்கோல் போரில் தொலைந்த செல்போன் அகப்பட்டது ஒரு சாட்சி. ஆடு இரட்டைக் குட்டி போட்டது ஒரு சாட்சி. எல்லாமே விண்ணப்பித்த அன்றே தீர்வு. சபை கை தட்டும், சலங்கை வைத்த தம்புரு குலுங்கும். அவர் நனைந்த கண்ணோடு உட்காருவார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து யோசிப்பேன்: ஆட்டுக்கு எப்போது மனு போட்டார்? என் மனு ஜூனிலிருந்து கிடக்கிறதே. மேலே சீனியாரிட்டி என்று ஒன்று பார்ப்பதில்லையா?

அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஜெனியைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருடைய மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டாலே "வந்தவாசி வந்தவாசி" என்று வாசலுக்கு ஓடுவாள். அவர் தோளில் ஏறுவாள். அவர் மீசையைப் பிடித்து இழுப்பாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் நான். அவள் என்னிடம் வருவது அலமாரியின் மேல்தட்டு எட்டாதபோது என் மடியைப் படிக்கட்டாக வைத்துக்கொள்ளத்தான். நானாகத் தொட்டால், தொட்ட இடத்தைத் துடைத்துக்கொள்வாள்.

"இன்னா சம்பந்தி, மனு இன்னா ஆச்சு?" என்பார் அவர், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே.

"பரிசீலனைல இருக்குது."

"எது? கலெக்டராண்ட குட்ததா, மேல குட்ததா?"

"ரெண்டும்தான்."

"மேல குட்ததுல கையெய்த்து போட மறந்துட்டீங்களோ இன்னாவோ," என்று சிரிப்பார். ஹெப்சியும் சிரிப்பாள். ஜெனி அவர் தலையில் தாளம் போடுவாள். நான் செய்தித்தாளைத் திருப்புவேன்.

ஆகஸ்டில் செங்கல்பட்டில் ஒரு குழந்தைகள் மருத்துவரிடம் போனோம். அவர் ஜெனியின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"இது பிடிவாதம் இல்ல சார். உள்ள கெட்டியாத் தங்கியிருக்கு. போனா வலிக்கும்னு அடக்குறா. அடக்க அடக்க இன்னும் கெட்டியாவுது. முதல்ல வலி போகணும். பழக்குறதெல்லாம் அப்புறம்."

மலம் இளக மருந்து எழுதிக் கொடுத்தார். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். காஞ்சிபுரத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணின் விதி ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பீரோ சந்தில் மாற்றிய டயப்பரைக் குளியலறை வாசலில் மாற்றினோம். அது பழகியதும் உள்ளே. அதுவும் பழகியதும் டயப்பரோடு, மூடிய பீங்கானின் மேல் சும்மா உட்கார்ந்து எழுவது. பிறகு மூடியைத் திறந்து, டயப்பர் இல்லாமல். காற்றாடி கூடாது. அவள் வெளியே வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கால் தொங்காமல் இருக்க, கீழே ஒரு மணைப்பலகை. சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம். ஹெப்சி வரைந்த படங்கள் சுவரில் வரிசையாக: உட்காருவது, போவது, கழுவுவது, சாவிக்கொத்து. கடைசிப் படம்தான் பரிசு.

"போயிட்டாள்னா பெருசாக் கொண்டாடாதீங்க. சத்தம் வேணாம். சாவியக் கையில குடுத்துருங்க, போதும்," என்றாள் அந்தப் பெண்.

எங்கள் வீட்டுக்குள் இந்த விதி முழுமையாக அமலில் இருந்தது. சபைக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. அன்று வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். கூடம் நிறைய ஜனம். பாட்டுக்குத் தட்டுகிற தாளம் ஜெனிக்குப் பழக்கம்தான். அது வரும், போகும் என்று அவளுக்குத் தெரியும். திடீரென்று வெடிக்கிற சத்தம்தான் அவளுக்கு ஆகாது. பாட்டு முடிந்து பாஸ்டர் தாழ்ந்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்ட நேரம் என்பதால் ஹெப்சி அவளை வழக்கம்போல் கூட்டிப்போய் உட்கார வைத்திருந்தாள். கூடத்தை ஒட்டித்தான் குளியலறை.

பாஸ்டர் ஆமென் சொல்லும்போது ஹெப்சி திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்தது அவள் கல்யாணத்தன்று.

"அப்பா," என்றாள் மெதுவாக. "போயிட்டாப்பா. டயப்பர் இல்லாம, உக்காந்து, தானாவே."

ஜூனிலிருந்து நான் இந்த நிமிஷத்துக்காக ஒரு சாட்சியைத் தயார் செய்து வைத்திருந்தேன். முன்னுரை, பொருள், நன்றி என்று ஒழுங்காக. முழங்காலைச் சமாளித்து நாற்காலியின் கைப்பிடியை ஊன்றினேன். அதற்குள் பாயில் உட்கார்ந்திருந்த சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார்.

"சபையாரே, தோத்திரம் சொல்லுங்க. எம் பேத்தி வவுத்தக் கர்த்தர் தொறந்துட்டாரு."

எம் பேத்தி. அவருடைய பேத்திதான், மறுக்கவில்லை. கூடம் முழுக்கக் கை தட்டியது. அல்லேலூயா என்றது. தம்புரு குலுங்கியது. பாஸ்டர் தட்டினார். ஹெப்சியே தன்னை மறந்து தட்டினாள்.

என் கைகள் மடிக்குத் திரும்பி அங்கேயே கிடந்தன. பயிற்சிப் பெண் சொன்னது ஞாபகம் வந்ததால் அல்ல. அப்படி எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். பொய்யாகிவிடும். என் சாட்சியை அவர் சொல்லிவிட்டார், அவருக்கு நான் தட்ட மாட்டேன். அதுதான் காரணம்.

உள்ளேயிருந்து ஜெனி அலறிக்கொண்டு வந்தாள். கால் ஈரம், காதைப் பொத்திக்கொண்டு, கண் எதையும் பார்க்காமல். கூடத்தின் நடுவில் நின்றாள். சுற்றிலும் கைகள். ஒவ்வொரு ஆளின் கையாகப் பார்த்தாள். சம்பந்தி அவளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்தாள். என் முன்னால் வந்து நின்று, என் மடியில் கிடந்த இரண்டு கைகளையும் எடுத்தாள். எடுத்துத் தன் காதுகளின் மேல் வைத்துக்கொண்டாள்.

அலமாரிக்காக அல்லாமல் அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அது அப்போது எனக்குப் புரியவில்லை. தட்டுகிற சத்தம் அடங்குகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.

அதோடு எல்லாம் போயிற்று. மறுநாளிலிருந்து குளியலறைப் பக்கமே வரவில்லை. பின்கட்டில்தான் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. பழையபடி பீரோ சந்து, பழையபடி டயப்பர், பழையபடி அடக்கல். தீபாவளி வெடிச் சத்தமும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டை ஒதுக்கினாள், மருந்தைத் துப்பினாள். வயிறு வீங்கிக் காய்ச்சல் வந்து, செங்கல்பட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

வார்டுக்கு வெளியே சம்பந்தி தரையில் குந்திக்கொண்டு அழுதார். "என் வாயி சம்பந்தி, என் வாயாலதான் கொயந்தைக்கு இந்தப் பேஜாரு," என்று தலையில் அடித்துக்கொண்டார். பார்க்க வந்த சபையார் அவரைச் சூழ்ந்துகொண்டு தேற்றினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. நான் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் தேற்றவில்லை. அழத் தெரிந்தவருக்குத்தான் ஆறுதலும் கிடைக்கிறது.

அங்கேயே மேல்முறையீடு செய்தேன். ஆண்டவரே, கேட்டதைக் கொடுத்தீர், கொடுத்ததை ஒரு மாலைக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டீர். எந்த அலுவலகத்திலும் காரணம் சொல்லாமல் உத்தரவை ரத்து செய்ய முடியாது. காரணம் சொல்லும். அப்படித்தான் ஜெபித்தேன். மரியாதையான ஜெபம் இல்லை. ஆனால் அதற்கு மேல் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த ஜெபத்தின் முடிவில், வெகுநாளைக்குப் பிறகு, எனக்கும் அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். நவம்பர் மழை. மருந்தை மறுபடி ஒழுங்காகக் கொடுத்தோம். பயிற்சிப் பெண் சொன்னபடி வேறு எதற்கும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் காலையில் மின்சாரம் போயிருந்தது. மிக்சி இல்லை, தொலைக்காட்சி இல்லை, காற்றாடி இல்லை. நாஷ்டா முடித்துவிட்டு ஜன்னலோரம் செய்தித்தாளைப் பிரித்தேன். ஜெனி வந்தாள். என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தாள்.

அலமாரிக்கு என்று நினைத்தேன். அலமாரியைத் தாண்டினாள். குளியலறை வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. பீங்கானில் ஏறி உட்கார்ந்து, மணைப்பலகையில் காலை வைத்துக்கொண்டாள். என் கைகளை எடுத்துத் தன் காதுகளில் வைத்தாள்.

நான் குனிந்து நின்றேன். முதுகு வலித்தது. மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. வெளியே மழைச் சத்தம் மட்டும். அவள் முகம் சுருங்கியது. பிறகு தளர்ந்தது. அழவில்லை. போனாள்.

போன பிறகு என் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். இரவல் வாங்கிய சாமானைக் கொடுப்பது மாதிரி. "ஏறு ஏறு, போலாம்," என்றாள். நான் சாவிக்கொத்தை நீட்டினேன். சமையலறை வாசலில் ஹெப்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் போன் போடவில்லை.

அன்று பகல் முழுவதும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் அவள் தேடியது தட்டாத ஒரு கையை. கூடத்தில் அப்படி இருந்தது ஒரே ஒரு ஆளுடைய கை. எனக்குத் தாராள மனம் இருந்திருந்தால், சம்பந்தியோடு சேர்ந்து நானும் தட்டியிருப்பேன். அவளுக்குப் போக்கிடம் இருந்திருக்காது. பொறாமை நல்லது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பாஸ்டர் இந்தப் பக்கத்தையே அடித்துவிடுவார். நான் சொல்வது, என்னிடம் கொடுப்பதற்கு நல்லதாக எதுவும் இல்லாத நேரத்தில், கையிருப்பில் இருந்ததை வைத்தே கர்த்தர் வேலையை நடத்தினார். அவருடைய நடைமுறை எந்தக் கையேட்டிலும் இல்லை.

அதற்குப் பிறகு அது என் மறுநியமனம் ஆனது. சாப்பிட்டதும் என் மணிக்கட்டு பிடிபடும். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது சிரித்தாள். "நல்லதுதான் சார். ஆனா நீங்க நிரந்தரம் இல்ல. மெதுவா விலகணும்," என்றாள். முதலில் காதில் கையை அழுத்தாமல் வைத்தேன். பிறகு ஒரு கை மட்டும். பிறகு வாசலில் நின்றேன். பொங்கலுக்குள் வெளியே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கும் நிலைக்கு வந்தேன். தூங்கும்போது டயப்பர் இன்னும் உண்டு. சில நாள் தவறுவதும் உண்டு. மருந்து தொடர்கிறது. இருந்தாலும் அந்த அலறல் இந்த வீட்டில் இப்போது இல்லை.

சம்பந்தி மொபெட்டைத் தெருமுனையிலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் என் பக்கத்தில் குந்தினார்.

"சம்பந்தி, எனிக்கு வாயத் தொறந்தாத்தான் ஜெபமே வருது. கம்முனு குந்திக்கினு எப்டிங்க பண்றது?"

"பழகினா வரும்."

"நீங்க எப்பவும் கம்முனு பண்றதப் பாத்து, மேல எங்க கேக்கப்போவுதுன்னு நெனச்சேன்." குளியலறைக் கதவைப் பார்த்தார். "இப்ப அது உங்களத்தான் தேடுது. உள்ளத சொல்றேன், எனிக்குப் பொறாமையாக் கீது."

அன்று இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று ஹெப்சி சொல்கிறாள்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இப்போது தட்டுவதில்லை. ஸ்தோத்திரம் என்றால் எல்லோரும் கையை உயர்த்தி விரல்களை ஆட்டுகிறார்கள். தம்புரு, அதை வாசிக்கும் சகோதரியின் மடியில் படுத்திருக்கும். ஜெனி நடுவில் வந்து நின்று அந்த விரல்களையெல்லாம் பார்க்கிறாள். சில நாள் தானும் ஆட்டுகிறாள். இந்தச் சாட்சியை ஏன் எழுத்தில் கொடுக்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். தயவுசெய்து படித்துவிட்டு யாரும் தட்ட வேண்டாம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஊரின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஒன்றியப் பள்ளியில் ஜெனி சேர்ந்தாள். டயப்பர் போட்டு வந்தாலும் பரவாயில்லை, கூட்டி வாருங்கள் என்றார் அந்த டீச்சர். பிரிவு 16-ஐ நான் எடுப்பதற்கு முன்பே சொன்னார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். கழிப்பறைப் பழக்கம் வந்ததால் அவளுக்குப் பள்ளி கிடைத்தது என்று யாரும் இந்தச் சாட்சியைத் திரிக்கக் கூடாது. ஜூன் மாதத்தில், டயப்பரோடு, அவளுக்கு அந்த இடம் உரியதாகத்தான் இருந்தது. வலி போனது கிருபை. பெஞ்சு உரிமை.

முதலில் இடைவேளைக்கு நான் போய்ப் பள்ளிக் கழிப்பறைக்கு வெளியே நின்றேன். இப்போது டீச்சர் நின்றாலே ஜெனிக்குப் போதும். டீச்சர் மேல் எனக்கு லேசாக ஒன்று இருக்கிறது. என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பீரோ சந்து இருக்கலாம். வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். குழந்தையை அடிக்காதீர்கள். வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். ஜெபியுங்கள். நல்ல மனதோடு ஜெபிக்க முடியவில்லையா, இருக்கிற மனதோடு ஜெபியுங்கள். நான் அப்படித்தான் ஜெபித்தேன். பதில் வரவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், வந்த பதிலை வேறு ஏதோ என்று ஒதுக்கிவிட்டீர்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மார்ச் மாதத்தில் மாவட்டத்திலிருந்து தபால் வந்தது. தங்கள் பேத்தி ஏற்கெனவே பள்ளியில் பயின்று வருவதாகத் தெரிய வருவதால் தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. நான் அதைச் சத்தமாக வாசித்தேன். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"அது கெடக்கட்டும் சம்பந்தி. மேல குட்ததுக்குப் பதிலு என்னிக்கு வந்துது?"

ஜெனி அவர் பக்கத்தில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மழைநாளைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு சரியான தேதியைச் சொன்னேன்.

அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை.